நாகஜோதியின் பாஸ்வேர்டு

லாகில் ஒரு வரி கூடுதலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. தையல் மெஷின்களெல்லாம் அடங்கிக் கிடந்த அந்தப் பனியன் கம்பெனியில், ஏசியின் உறுமலுக்கும் யுபிஎஸ் விட்டுவிட்டுப் போடும் கீச்சொலிக்கும் நடுவே, கண்ணாடிச் சுவர் வைத்த சர்வர் அறையில் அருள்குமார் தனியாக உட்கார்ந்திருந்தான். கம்பெனியில் யார் இணையத்துக்குப் போனாலும் அவன் எதிரே இருந்த பிராக்சி சர்வரிடம் பெயரும் பாஸ்வேர்டும் சொல்லித்தான் போகவேண்டும். யார், எத்தனை மணிக்கு, எந்தக் கம்ப்யூட்டர் மெஷினிலிருந்து என்பதெல்லாம் லாக் என்கிற பதிவேட்டில் விழுந்துவிடும். இப்போது அவன் பெயர் மட்டும்தான் விழவேண்டும்.

நாகஜோதி. 15:02. மெஷின் 14. அனுமதி மறுக்கப்பட்டது.

நாகஜோதி செத்துப் பதினேழு நாள் ஆகிறது. அவள் கணக்கை அழித்தவனே அவன்தான்.

சேர்மன் கிட்டுசாமிக்குக் கம்ப்யூட்டரை எங்கே அமுக்கி ஆன் செய்வதென்று தெரியாது. வந்த மெயிலை அச்சடித்து ஃபைலில் வைத்துக் கொடுத்தால்தான் படிப்பார். ஆனாலும் ஆர்டர் தர வரும் வெளிநாட்டுப் பையர்களிடம், ஊட்டு வாசலில் நாய் மாதிரி இங்கே பிராக்சி இருக்கிறது என்று பெருமை பேசுவார். மொழிபெயர்த்துச் சொன்னதும் வெள்ளைக்காரர்கள் மேஜைக்கடியில் நாயைத் தேடுவார்கள்.

நாய் காவல் காத்த லட்சணம் ஊழியர்களுக்குத் தெரியும். ஷிப்மெண்ட் அவசரத்தில் யார் பாஸ்வேர்டிலும் யாரும் வேலை பார்ப்பார்கள். மறந்துபோகாமலிருக்க மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள். உசிலம்பட்டியிலிருந்து வந்த, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நாகஜோதியும் ஒட்டியிருந்தாள். போன மாதம் ரேட் விவரங்கள் போட்டிக் கம்பெனிக்குப் போனது அவள் பெயரில். அனுப்பியது அருள்குமார்.

சேர்மன் லாகை அச்சடிக்கச் சொல்லி, நூறு பேரைக் கூட்டி, சுதந்திர தின உரை போல வாசித்தார். அதில் பெயரை மட்டும் படித்தார். மெஷின் எண் என்று ஒன்று பக்கத்திலேயே இருந்தது அவருக்குத் தெரியாது. நாகஜோதி அவரைப் பார்க்கவில்லை. அருள்குமாரைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, அது நான் இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல. ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

அருள்குமார் சர்வர் அறைக்குள் போய் ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டான். மறுநாள் காலை அவள் சாயக்கழிவுத் தொட்டியில் மிதந்தாள்.

செத்தவள் பெயர் லாகில் இருந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள். கேள்வி வந்தால் பழைய லாகையும் புரட்டுவார்கள். மெஷின் எண் அவனுடையது. வேலை போகும், ஜெயிலும் வரலாம். யார் அந்தப் பெயரை அடித்தாலும் நுழையாமலிருக்க, அவன் பிராக்சியின் விதிகளின் பட்டியலைத் திறந்து, உச்சியில் 'நாகஜோதி: மறுப்பு' என்று எழுதினான். பிராக்சி மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்துவதோடு நிறுத்திக்கொள்ளும். சேர்மன் மாதிரிதான், மேலே இருப்பவர் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

நாகஜோதி. 15:09. மெஷின் 9. அனுமதி.

பட்டியலை மறுபடி திறந்தான். அவன் வரிக்கு மேலே இன்னொரு வரி. 'நாகஜோதி: அனுமதி.'

அழித்தான். சேமித்தான். திறந்தான். இருந்தது.

ஏசிக் காற்றில் சாயப்பட்டறை வாடை வந்தது. காஸ்டிக் சோடாவும் ஊறிய துணியும் கலந்து, தொண்டையில் ஒட்டுகிற வாடை. கண்ணாடிக்கு அப்பால் இருண்ட மானிட்டர்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கிடையில் எங்கோ கீபோர்டு தட்டும் சத்தம். நின்றது. அடுத்த மேஜையில் தொடங்கியது.

மெஷின் 6. அனுமதி.

மெஷின் 4. அனுமதி.

"நாகஜோதி," என்றான். "நான் சொல்லிப்போடறேனுங்க. நாளைக்கே சேர்மன்கிட்ட சொல்லிப்போடறேன்."

சத்தம் நின்றது.

மெஷின் 1. அனுமதி.

மெஷின் 1 அவன் முன்னால் இருந்தது.

கைகளை மார்போடு அணைத்துக்கொண்டான். கீபோர்டில் ஒரு எழுத்து கீழே இறங்கியது. இன்னொன்று. இறங்கி எழுந்த ஒவ்வொரு கட்டையிலும் நீல ஈரம். பட்டியலின் உச்சியில் புதிய வரி.

'அருள்குமார்: எல்லாம் மறுப்பு.'

எழுந்து ஓட மூச்சை இழுத்தான்.

அருள்குமார். 15:16. அனுமதி மறுக்கப்பட்டது.

காற்று வரவில்லை. மறுபடி இழுத்தான்.

மறுக்கப்பட்டது.

வாயைத் திறந்தான். தண்ணீர் வந்தது. நீலம்.

மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது.

அவன் முகம் மேஜைமேல் சாய்ந்தது. வாயோரத்திலிருந்து சாயம் வழிந்து கட்டைகளுக்கிடையில் ஓடியது. கட்டைகள் அதில் நனைந்தபடி, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், கீழே இறங்கி மேலே வந்துகொண்டிருந்தன.