பீப்பாய் நாற்றம்

ஜனவரி மாதத்தில் ஈ பறக்காது. வெளியே டான்யூப் நதியோரம் பனிக்கட்டி கட்டிக்கிடக்க, ஊருக்கெல்லாம் அத்தையான ஸோர்காவின் படுக்கையறை ஜன்னலில் ஒரு கொழுத்த ஈ மெதுவாக நடந்துகொண்டிருந்தது. மிலேவா அதைப் பார்த்தாள். பிறகு பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். மிலேவாவுக்கோ குற்றம் பார்ப்பதற்குத்தான் சம்பளம். படுக்கையோடு கிடக்கும் முதியவர்களைக் கவனிக்க அனுப்பப்படும் பெண்கள் ஒழுங்காகக் கவனிக்கிறார்களா என்று வீடு வீடாகப் போய் மோந்து பார்க்கும் உத்தியோகம். ஆனால் இன்று எதுவும் கண்ணில் பட்டுவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் படியேறினாள். இங்கே வேலைக்கு வரும் கோர்தானாதான், இரண்டு தெரு தள்ளி, செப்டம்பரில் இடுப்பு ஒடிந்து படுத்துவிட்ட மிலேவாவின் அம்மாவையும் பார்த்துக்கொள்கிறாள். அவளை நிறுத்திவிட்டால் வேறு ஆள் கிடையாது. இந்த ஊர் இளசுகள் எல்லாம் ஜெர்மனிக்குப் போய், அங்குள்ள கிழவிகளைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

நாற்றம் மாடிப்படியிலேயே தொடங்கியிருந்தது. நவம்பரில் உப்புநீரில் ஊறப்போட்ட முட்டைக்கோஸ் பீப்பாய் வீட்டுக்கு வீடு பால்கனியில் நிற்கும்; அடியிலிருந்து நீரை இறக்கி மறுபடி மேலே ஊற்றச் சோம்பல் பட்டால் கட்டடமே நாறும்; அது இங்கே யாருக்கும் புதிதில்லை. ஆனால் இந்த அறையில் அது கனத்து, இனித்து, நாக்கின் அடியில் எண்ணெய்ப் பிசுக்காகப் படிந்தது.

"பீப்பாயைக் கலக்கறதே இல்லையா, கோர்தானா?"

"நேத்துதான் கலக்கினேன், மேடம்." கோர்தானா கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஸோர்கா அத்தையின் வெள்ளை முடியைச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தாள். "முதல்ல இதைக் குடிங்க. உடம்புக்கு நல்லது."

கோஸ் உப்புநீர், ஒரு கண்ணாடி டம்ளர் நிறைய. வேண்டாமென்றால் வீட்டுக்காரர்களை அவமதித்ததாகிவிடும். மிலேவா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

படுக்கையில் ஒரு குறையும் இல்லை. சலவை மடிப்புக் கலையாத விரிப்பு, வெட்டிய நகங்கள், பவுடர் போட்ட கன்னம். கழுத்துவரை போர்த்திய போர்வை.

"எப்படி இருக்கீங்க, அத்தை? இவ உங்களை நல்லா பாத்துக்கறாளா?"

கிழவியின் கண்கள் கூரையிலேயே இருந்தன. உதடுகள் மட்டும் அசைந்தன. "பெத்த மக கூட இப்படிப் பாத்துக்க மாட்டா."

"கேட்டீங்களா?" என்றாள் கோர்தானா. சீப்பு நிற்கவில்லை.

"முதுகைப் பாக்கணும். படுக்கைப்புண் இருக்கான்னு பாக்கறது என் வேலை."

"இப்பத்தான் சாப்பிட்டாங்க. திருப்பினா வாந்தி வந்துடும். கொஞ்ச நேரம் போகட்டும், மேடம்."

சரி, போகட்டும். மிலேவாவுக்கும் அவசரம் இல்லை. சொல்லப்போனால் நிம்மதியாகக்கூட இருந்தது. கிறிஸ்துமஸுக்குப் போனபோது அம்மா வீட்டிலும் இதே நாற்றம்தான் அடித்தது. "பீப்பாயைக் கலக்க ஆள் இல்லையா?" என்று அவள் கேட்க, கோர்தானா சமையலறையிலிருந்து சிரித்தாள். அம்மா இதே மாதிரி வெள்ளை விரிப்பில், கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு மிலேவா பஸ் பிடித்தாள்.

மூச்சு முட்டியது. பால்கனிக் கதவைத் திறந்து வெளியே போனாள். பீப்பாய் மூலையில் இருந்தது. இவ்வளவு நாறுகிறதே, எவ்வளவுதான் கெட்டிருக்கிறது பார்ப்போம் என்று, மூடிமேல் இருந்த கல்லை இறக்கி, மூடியைத் தூக்கினாள்.

தெளிந்த நீர். வெளிர்மஞ்சளாக, நொறுங்காத கோஸ்கள். வாயில் எச்சில் ஊறவைக்கும் நல்ல புளிப்பு வாசனை. அவ்வளவுதான்.

அப்படியானால் நாற்றம் இதிலிருந்து வரவில்லை.

அவள் உள்ளே திரும்பினாள். ஜன்னலில் இப்போது நிறைய ஈக்கள். கோர்தானா இன்னும் வாரிக்கொண்டிருந்தாள். சீப்பின் பற்களில் முடி. முடியோடு, ஈரமாக, வேறு என்னவோ.

"திருப்ப வேண்டாம், மேடம். அவங்களுக்கு வலியே இல்ல. கேட்டுப் பாருங்க."

மிலேவா போர்வையை விலக்கினாள். இஸ்திரி போட்ட இரவு அங்கி. சுத்தமாக இருந்தது. எத்தனையோ கிழவிகளைத் திருப்பிப் பழகிய கையை, தோளுக்குக் கீழே நுழைத்தாள்.

கை போய்க்கொண்டே இருந்தது.

முதுகு இருக்க வேண்டிய இடத்தில் முதுகு இல்லை. கூழ். சூடான கூழ். அதற்குள் வழுவழுப்பாகச் சில எலும்புகள். மெத்தை எங்கே ஆரம்பிக்கிறது, தெரியவில்லை. விரல்களுக்கு நடுவே அரிசி அரிசியாக எதுவோ நெளிந்தது.

கையை உருவினாள். முழங்கைவரை பழுப்பு.

"பெத்த மக கூட," என்றாள் ஸோர்கா அத்தை, கூரையைப் பார்த்தபடி.

மிலேவாவின் கோட்டுப் பைக்குள் போன் அடித்தது. சுத்தமாக இருந்த கையால் எடுத்தாள். அம்மா.

"வேலை முடிஞ்சுதாடி? இங்க எப்ப வர்ற?" உற்சாகமான குரல். எப்போதும் போல.

"அம்மா." பழுப்புக் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தடவை கோஸ் ஊறப்போட்டியா?"

"நல்லா கேட்ட போ. இடுப்பு ஒடிஞ்சு கிடக்கறவ எங்கடி கோஸ் ஊறப்போடறது?"

"உன்னைத் திருப்பிப் படுக்க வைக்கிறாங்களா? அம்மா, உன் முதுகு..."

"எதுக்குத் திருப்பணும்? எனக்கு வலியே இல்ல."

கோர்தானா எழுந்தாள். சீப்பைத் துடைக்காமலே பையில் போட்டுக்கொண்டு, கதவருகே போய்க் கோட்டை மாட்டினாள். அடுத்து அவள் போக வேண்டிய வீடு எது என்று மிலேவாவுக்குத் தெரியும்.

போனில் அம்மாவின் குரலுக்குப் பின்னால் ஈக்கள் இரைந்தன.

"கோர்தானா இருக்காளே," என்றாள் அம்மா, "பெத்த மக கூட இப்படிப் பாத்துக்க மாட்டா."

கட்டிலில் ஸோர்கா அத்தையின் உதடுகள் சத்தமில்லாமல், அதே சொற்களுக்கு, ஒன்று விடாமல் அசைந்துகொண்டிருந்தன.