ஒரு பக்கத்துக்கு நாற்பது விநாடி

"ஏம்மே, கொஞ்சம் தள்ளி நில்லு... மழையை மறைக்கிற!"

ராயபுரம் பாலத்தருகே காற்றோடு மல்லுக்கட்டிக் குடையைப் பிடித்திருந்த டோரதிக்குச் சுர்ரென்று ஏறியது. திரும்பினாள். கேமராவுக்குப் பாலித்தீன் பையை மாட்டிவிட்டு, தான் மட்டும் தொப்பலாக நனைந்தபடி நின்றான் ஒருவன்.

"மழையை நான் மறைக்கிறேனா? யாரைக் கேட்டுகினு என்னைப் படம் புடிக்கிற?"

"உன்னை யாரு புடிச்சா? கதைக்கு மழை வோணும். டோரதினு யாரோ எழுதிகீறாங்க... சர்ச் திருவிழாவுக்கு சிடி போடுறோம்."

"அந்த யாரோ நான்தான்."

அவன் கண்கள் விரிந்தன. இமையோரம் நின்ற மழைத்துளி கன்னத்தில் உருண்டது. அட, என்ன இப்படிப் பார்க்கிறான்... டோரதி அவசரமாகக் குடையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அவன் பெயர் பிராங்கிளின். கல்யாண வீடியோ எடுப்பவன். 2003-ஆம் வருடத் திருவிழாவுக்கு டோரதியின் கதையைப் புத்தகமாகப் போடாமல் சிடியாகப் போடுவது என்று சர்ச்சின் பங்கு இளைஞர்கள் முடிவு செய்திருந்தார்கள். டிவியில் கதை பக்கம் பக்கமாக வரும். எழுத்துக்குப் பின்னால் காசிமேட்டுக் கடலும் மழையும் தெரியும், கீபோர்டு இசை கேட்கும்.

அடுத்த ஞாயிறு மதியம், கணினியில் வீடியோவைத் தொகுக்கும் அவனுடைய மிக்ஸிங் அறையில் அதைப் போட்டுக் காட்டினான். அவள் எழுதிய அலை நிஜமாகவே புரண்டு வந்தபோது டோரதிக்குக் கண் கலங்கியது. ஆனால் பக்கம்தான் நகரவே மாட்டேன் என்றது. அவள் படித்து முடித்து, விரலில் சொடக்கு எடுத்து, கொட்டாவியும் விட்டாயிற்று.

"ஒரு பக்கத்துக்கு நாற்பது விநாடியா? எந்த மண்டு இவ்ளோ மெதுவா படிக்கும்?"

அவன் மவுசையே பார்த்தான்.

"நான் படிச்சுப் பார்த்துதாங்க நேரம் வெச்சேன். அஞ்சாவதோட நின்னவன்... எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்."

டோரதிக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. பத்திரிகையில் நாலு கதை வந்த திமிர்!

"சாயங்காலமே பாதியா கொறைச்சுடுறேங்க. காலைல இருநூறு காப்பி போவுது. இதை வூட்டுக்கு எடுத்துகினு போய்ப் பாருங்க. வேற தப்பு கீதானு சொல்லுங்க."

'நீ' போய் 'ங்க' வந்துவிட்டது. அதுதான் அவளைக் குத்தியது.

வீட்டில் சிடியை ஓடவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அப்பா அருள்பிரகாசம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மகளின் கதைகளையெல்லாம் பீரோவில் பத்திரப்படுத்துவார். ஒன்றைக்கூடப் படித்ததில்லை. கேட்டால், "கண்ணு சரியில்லம்மா" என்பார். இத்தனை வருடமாக அவள் அதை நம்பியிருந்தாள்.

திரும்பி வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அப்பா டிவிக்கு முன்னால் சம்மணமிட்டு, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தார். கடைசி வார்த்தையை அவர் எட்டவும் பக்கம் மாறவும் சரியாக இருந்தது. கண்ணில் ஒரு குறையும் இல்லை. மகளுக்கு முன்னால் தடுமாற வெட்கப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

"பக்கம் எனக்கோசரம் நின்னுகினு கீதும்மா..." என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ இவ்ளோ நல்லாவா எழுதுற?"

டோரதி செருப்பை மாட்டியது தெரியும், குடை எடுக்காதது தெரியாது. மிக்ஸிங் அறைக்குள் நுழைந்தபோது தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

"கொறைச்சுட்டியா?"

"இப்பதான் ஆரம்பிக்கப் போறேங்க..."

"தொடாத! ஒரு விநாடி கொறையக் கூடாது." மூச்சு வாங்கியது. "எங்க அப்பா இன்னிக்குத்தான் என் கதையைப் படிச்சாரு. உன்னாலதான். நான்தான் மண்டு... மன்னிச்சுக்கோ."

அவன் எழுந்து கழுத்துத் துண்டை எடுத்து நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். விரல்கள் பட்டதும் இருவருமே கணினியைப் பார்த்தார்கள்.

"கடைசிப் பக்கம் மட்டும் ரெண்டு நிமிஷம் நிக்குதே... ஏன்?"

"அதை மூணு தபா படிச்சேன். முடிஞ்சுட்சுனா நீ திரும்ப வர மாட்டியேனு..."

'நீ' திரும்பி வந்துவிட்டது! டோரதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"இனிமே என் கதையெல்லாம் நீதான் மொதல்ல படிக்கணும். எவ்ளோ நேரமானாலும் பக்கத்துல உக்காந்திருப்பேன். எனக்கு உன்னைப் புடிச்சிருக்கு பிராங்கிளின்."

படிக்கத்தான் அவனுக்கு நேரமாகும். இதற்குப் பதில் சொல்ல ஒரு விநாடிகூட ஆகவில்லை.

"எனக்கு அன்னிக்கு மழையிலயே புடிச்சுட்சு!"