பேசிவிட்டுச் சாகும் வேடம்

கஞ்சி ஊற்றி மூடிய தூக்குப் பாத்திரத்தை மிட்சுயோ வாசலில் கொண்டுபோய் வைத்தாள். தொமிகோ அதை எடுத்து மறுபடியும் சமையலறைக்குள் வைத்துவிட்டு வந்தாள். வந்து, வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு அவன் போக வேண்டாம். பல் தேய்க்கும்போது சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்... நீ பார்க்கலையா, இல்ல பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கியா?"

மிட்சுயோ பார்த்திருந்தாள். ஆனாலும், "தூக்கம் சரியா இல்லக்கா, அதான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சமையலறைக்குப் போய்த் தூக்கை எடுத்துவந்தாள். உள்ளே அவள் புருஷன் ரியோசாகு தொண்டையைச் செருமிக்கொண்டு அன்றைய வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஸ்டுடியோ வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தது. கியோட்டோவின் மேற்குக்கோடியில், ஸ்டுடியோக்களை அண்டியே பிழைக்கும் அந்தத் தெருவில் காலை ஹாரன் யாருக்கும் புதிதல்ல. தொமிகோவுக்கு மட்டும் அந்த வசந்தம் முழுக்க அது நாராசமாக இருந்தது.

தொமிகோ ரியோசாகுவின் அக்கா. பெற்றோர் காசநோயில் அடுத்தடுத்துப் போய்விட, நூல் மில்லில் வேலை பார்த்துத் தம்பியை வளர்த்தவள். அவனை ஆளாக்கும் யோசனையிலேயே தன் கல்யாணத்தை மறந்துபோனவள். அப்படி வளர்த்த பிள்ளை நடிகனாகப் போகிறேன் என்று நின்றபோது அழுதாளே தவிர, தடுக்கவில்லை.

நடிகன் என்றால் என்ன நடிகன்? வாள்சண்டைப் படங்களில் கதாநாயகன் வாளை உருவியதும் ஓடிவந்து முதலில் வெட்டுப்படுகிற ஆள். முப்பது வருஷம் அதுதான் தொழில். சரளைக்கல்லில் மல்லாந்து விழுவார், ஆற்றில் விழுவார், மாடிப்படியில் உருளுவார். அவர் விழுகிற அழகைப் பார்த்துப் பெரிய நடிகர்களே, அவரையே கூப்பிடுங்கள் என்று கேட்பார்கள். ஆனால் வாயைத் திறந்து ஒரு வசனம் பேசிவிட்டுச் சாகும் பாக்கியம் அவருக்கு வாய்த்ததில்லை. செத்த உடனே எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, அடுத்த சாவுக்கு வரிசையில் நிற்கவேண்டியதுதான்.

அந்த வருஷம் குளிர்காலத்தில் வயிற்றுவலி என்று படுத்தார். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள், ஒன்றையும் தொடாமல் மூடிவிட்டார்கள். டாக்டர் மிட்சுயோவைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அந்தக் காலத்தில் அங்கே அதுதான் வழக்கம். வீட்டாரிடம் சொல்வார்கள், நோயாளியிடம் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள். புற்றுநோய், பரவிவிட்டது, அடுத்த வருஷத்துச் செர்ரிப் பூவை அவர் பார்ப்பது சந்தேகம் என்றார் டாக்டர். அவரிடம் குடல்புண், அறுத்து எடுத்தாயிற்று என்று சொல்லிவிடலாம், சரிதானே என்று கேட்டார். மிட்சுயோ தலையாட்டினாள். வேறென்ன செய்வது என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அதே வாரம் டைரக்டர் குசாகா பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொலைக்காட்சிக்கு நீண்ட தொடர் எடுக்கிறாராம். கோட்டைத் தலைவரின் கிழட்டுக் காரியஸ்தர் வேடம், கதை முழுக்க வருகிறவர், கடைசியில் தன் வீட்டில், தன் படுக்கையில், பெண்டாட்டி பக்கத்தில் இருக்கப் பேசிவிட்டுச் சாகிறவர். அதற்கு ரியோசாகுதான் வேண்டும் என்றார். ரியோசாகு போர்வையை முகம்வரைக்கும் இழுத்துக்கொண்டார். போர்வை குலுங்கிக்கொண்டிருந்தது.

மிட்சுயோ மறுபடியும் டாக்டரிடம் போனாள். வீட்டோடு படுத்திருந்தால் அதிக நாள் இருப்பாரா என்று கேட்டாள். இருக்கலாம், ஒரு மாதம், இரண்டு மாதம் கூடுதலாக இருக்கலாம், வேலைக்குப் போனால் அந்தளவு குறையலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அவர். மழை பெய்துகொண்டிருந்தது. குடையை விரிக்கவும் மறந்து வீடு வந்து சேர்ந்தாள். புருஷனின் ஆயுளில் இரண்டு மாதத்தை எடுத்து ஒரு வேடத்துக்குக் கொடுக்க நான் யார்? கொடுக்காமல் இருக்கத்தான் நான் யார்? யாரிடமும் கேட்க முடியாத கேள்வி. அக்காவிடம் சொல்லலாம்தான். ஆனால் அக்காவின் முகம் எதையும் மறைக்கத் தெரியாத முகம். அவள் தம்பியைப் பார்க்கிற முதல் பார்வையிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிடும். அதனால் மிட்சுயோ தானே முடிவு செய்தாள். அந்த முடிவைத் தன்னந்தனியாகச் சுமந்தாள்.

வசந்தம் போய் மழைக்காலம் வந்தது. ரியோசாகுவின் கிமோனோவை உள்பக்கம் மடித்துத் தைத்துத் தைத்துச் சிறிதாக்கினாள். அவரும் அசரவில்லை. வலி வந்தால் ஒப்பனை அறையில் சுவர்ப்பக்கம் திரும்பிக் குந்தியிருப்பாராம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்துபோய்ப் பிசகில்லாமல் வசனம் பேசுவாராம். நோய் இளைக்க வைத்த உடம்பையே கிழவருக்குப் பொருத்தமாக்கிக்கொண்டார் என்று ஸ்டுடியோவில் எல்லோரும் மெச்சினார்கள். வீட்டில் மிட்சுயோவுக்குக் கிடைத்தது வேறு. புண்ணை அறுத்த உடம்பு, ஓய்வு கொடுக்கவேண்டிய உடம்பு, அதை வெயிலிலும் மழையிலும் விரட்டுகிறாள் என்று தொமிகோ அக்கம்பக்கமெல்லாம் சொல்லி அழுதாள். தபால் ஆபீசில் வேலைக்குப் போகும் மகள் சாயோவும் அத்தை பக்கம் சாய்ந்துவிட்டாள்.

"அப்பா பேரு டிவியில பெரிசா வரணும், அவ்வளவுதானேம்மா உனக்கு?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். மிட்சுயோ சூப்பில் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, ஆமாம் என்றாள். அப்படிச் சொன்னால் அதற்குமேல் கேள்வி வராது.

கோடை முடிகிற சமயம், படப்பிடிப்பில் ஒரேயொரு நாள் மீதி இருக்கையில், ரியோசாகு ஸ்டுடியோவில் ரத்தவாந்தி எடுத்து மயங்கி விழுந்தார். வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். உள்ளறையில் படுக்கவைத்துக் காகிதக் கதவைச் சாத்திவிட்டு மிட்சுயோ திரும்பினால், தொமிகோ தொலைபேசிப் பக்கத்தில் நிற்கிறாள்.

"டைரக்டர் நம்பரைச் சொல்லு. நாளைக்கு வரமாட்டான்னு சொல்லப்போறேன். காலையில அவனை ஆஸ்பத்திரியில சேர்க்கறேன். நீ... நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போயிடு. இந்த வீட்டுல இனி நீ இருக்க வேண்டாம்."

மிட்சுயோ பாய்விரிப்பில் மண்டியிட்டுத் தலை தரையில் படக் குனிந்தாள். "போறேன்க்கா. நாளை மறுநாள் போயிடறேன். நாளைக்கு ஒருநாள் மட்டும் அவரை விட்டுடுங்க."

"ரத்தம் கக்கினவனையா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா? எங்கம்மா செத்தப்போ அவன் என் முதுகுல தூங்கிட்டிருந்தான்டி. அந்தப் பிள்ளையை... நீ பேருக்காகக் கொல்றே."

சாயோ மூலையில் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். மிட்சுயோவின் நாக்கு நுனிவரைக்கும் அந்த நோயின் பெயர் வந்துவிட்டது. அதைச் சொன்னால் போதும், பழியெல்லாம் இந்த நிமிஷமே இறங்கிவிடும். ஆனால் காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் படுத்திருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தாள்.

கதவு நகர்ந்தது. ரியோசாகு கதவுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெதுவாக வந்து அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தார். தொலைபேசியை வாங்கிக் கீழே வைத்தார்.

"அக்கா, எனக்குப் புண்ணு இல்ல. புத்துநோய். அது இவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்கிறதுதான் இவளுக்குத் தெரியாது."

மிட்சுயோ தலையை நிமிர்த்தினாள்.

"யார் சொன்னா?" என்றாள், ஈனக்குரலில்.

"யார் சொல்லணும்? கல்யாணமான நாள்லேருந்து சிகரெட்டுக்கு உன்கிட்ட நான் வாங்காத திட்டா? ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கு, தாழ்வாரத்துல உக்காந்து ஒண்ணு பத்தவெச்சேன். நீ வந்தே. சாம்பல் கிண்ணத்தை எடுத்து என் பக்கத்துல வெச்சுட்டுப் பேசாமப் போனே. அப்பவே தெரிஞ்சுபோச்சு, நான் பிழைக்கமாட்டேன்னு. முப்பது வருஷமா நடிப்பு பார்க்கறவன்கிட்ட நடிக்கறியே... நீ ரொம்ப மோசமான நடிகைடி."

அவர் சிரிக்கப் பார்த்தார். மிட்சுயோ எழுந்துபோய் அவர் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். தெரிந்துகொண்டேவா இருந்தீர்கள், இத்தனை நாளும் தெரிந்துகொண்டேவா என்று கேட்டுக் கேட்டுக் குத்தினாள். அவர் தடுக்கவில்லை. பிறகு அக்காவைப் பார்த்துப் பேசினார்.

"வீட்டுல படுத்திருந்தா ரெண்டு மாசம் கூட இருந்திருப்பேனோ என்னவோ. எனக்கு இந்த வேஷம்தான் வேணும்னு இருந்துச்சு. நான் கேட்டா இவ தாங்கமாட்டா. அதனால தெரியாத மாதிரி இருந்துட்டேன். தப்பு என்னோடது. இவ உன்கிட்ட திட்டு வாங்கறது கதவுக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். கேட்டுக்கிட்டுப் படுத்திருப்பேன்... அதுதான்க்கா என் வாழ்நாள்லேயே நான் செஞ்ச கேவலமான காரியம்."

தொமிகோ அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள். கன்னத்தில் வழிந்தது அவளுக்கே தெரியவில்லை. பிறகு மிட்சுயோ பக்கம் திரும்பி, வயதில் மூத்தவள், இரண்டு கைகளையும் பாயில் ஊன்றி நெற்றி தரையில் பதியக் குனிந்தாள்.

"நான் வளர்த்ததா பெருமையடிச்சுக்கிட்டேன். அவனுக்கு என்ன வேணும்னு நீதான் பார்த்திருக்கே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு கேக்கவும் எனக்கு வாயில்ல... என் மூஞ்சியைப் பத்தி எனக்கே தெரியும். மன்னிச்சுடும்மா."

மாதக்கணக்கில் சமையலறையில் தண்ணீர்க்குழாயைத் திறந்துவிட்டுச் சத்தமில்லாமல் அழுது பழகிய மிட்சுயோ, அன்றைக்கு அந்த வயசாளியின் தோளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அலறினாள். சாயோ தவழ்ந்தே வந்து அம்மாவின் மடியில் முகம் புதைத்தாள். மன்னிப்புக் கேட்கக்கூட அந்தப் பெண்ணுக்குக் குரல் எழவில்லை.

"அழுங்க," என்றார் ரியோசாகு. "நாளைக்கு அங்க போய் நான் ஒருத்தன் நடிச்சாப் போதும்."

மறுநாள் டாக்ஸியில் நான்கு பேருமாகப் போனார்கள். அந்தக் காட்சி தொலைக்காட்சியில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அதனால் வீட்டார் அதை அவர் இருக்கும்போது பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

கிழட்டுக் காரியஸ்தர் படுக்கையில் கிடந்தார். தலைமாட்டில் பெண்டாட்டியாக நடிக்கும் அம்மாள். குசாகா கையசைத்ததும் அரங்கு அடங்கியது.

"இத்தனை வருஷத்தில் எனக்கு முன்னால் நீ ஒருநாளும் உறங்கியதில்லை," என்றார் காரியஸ்தர். "இன்று நான் முதலில் உறங்குகிறேன். விளக்கை நீயே அணைத்துவிடு."

வசனம் யாரோ எழுதியது. பேசும்போது அவர் மிட்சுயோ நின்ற பக்கம் பார்க்கவும் இல்லை, தேர்ந்த நடிகர் பார்க்கமாட்டார். கண்ணை மூடினார். கட் என்றார்கள். எழுந்திருக்கவில்லை. தொமிகோவின் விரல்கள் மிட்சுயோவின் மணிக்கட்டை நெரித்தன. அப்புறம் படுக்கையிலிருந்து ஒரு கை மெல்ல உயர்ந்தது, யாராவது தூக்கிவிடுங்கள் என்பதுபோல. விழுந்த இடத்திலிருந்து எழ இதுவரை யார் உதவியும் கேட்டிராத மனுஷன்.

உதவியாளர்கள் ஓடுவதற்குள் மிட்சுயோ செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வெளிச்சத்துக்குள் போய்விட்டாள். முதுகுக்குக் கைகொடுத்து உட்காரவைத்தாள். எப்படி இருந்தது என்று அவர் மூச்சுவாங்கக் கேட்டார். அரங்கில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கடைசி வரியை ஏன் அப்படி முழுங்கினீங்க? பின்னால நிக்கிற எங்களுக்குக் கேக்கவே இல்ல. காலையில கஞ்சியை முழுசாக் குடிங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா? அதான் குரல் எழும்பல."

இத்தனை மாதமாகச் சிகரெட்டுக்குக்கூடத் திட்டாதவள் திட்டுவதை ரியோசாகு பார்த்தார். பிறகு அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, ஒப்பனையெல்லாம் கரைய அழுதார்.