சிவப்பாகிப் போன மாவிலைகள்

மலர்விழி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அன்று சாப்பிட இடமில்லை. மேசை முழுக்கப் பிஸ்கட்டுகள்.

தாமரை வடிவத்தில் இருபத்து நான்கு. மாவிலை வடிவத்தில் நாற்பத்தெட்டு. அகல் விளக்கு வடிவத்தில் இருபத்து நான்கு. மொத்தம் தொண்ணூற்றாறு. அம்மா சிவகாமி விடியற்காலையிலேயே எழுந்து, வெண்ணெயும் சீனியும் மாவும் பிசைந்து, பிள்ளைகளோடு சேர்ந்து வெட்டியெடுத்துச் சுட்டவை.

இவ்வளவும் எதற்கு?

செராஸில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமை திறந்த இல்ல உபசரிப்பு நடக்கும். எல்லா மாடியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கீழ்த்தள மண்டபத்தில் பெரியவர்கள் வண்ண அரிசியில் கோலம் போடுவது வழக்கம். இந்த வருடம் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் கமலநாதன் அங்கிளிடம் மலர்விழி நேராகப் போய்க் கேட்டாள்.

"அங்கிள், இந்தத் தடவை நாங்க பிஸ்கட்டுல கோலம் போடவா? பார்த்து முடிச்சதும் எடுத்துச் சாப்பிட்டுடலாம்."

அங்கிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாப்பிடுற கோலமா? நல்லா இருக்கே! ஆறு மணிக்கெல்லாம் ரெடியா இருக்கணும் லா. சொல்லிட்டேன்."

நடுவில் சிவப்புத் தாமரைகள். சுற்றிலும் பச்சை மாவிலைகள். வெளி வட்டத்தில் மஞ்சள் விளக்குகள். மலர்விழி நோட்டுப் புத்தகத்தில் படமே வரைந்து வைத்திருந்தாள்.

ஐசிங் போட மூன்று பேர். பதினோரு வயது மலர்விழி. பக்கத்து வீட்டு யாழினி. அவளும் மலர்விழி வகுப்புதான். மூன்றாவது ஆள் குகன். மலர்விழியின் சித்தி மகன். பத்து வயது. விடுமுறைக்கு ரவாங்கிலிருந்து வந்திருந்தான்.

நான்காவதாக ஒருவனும் இருந்தான். மலர்விழியின் தம்பி யுகேந்திரன். ஆறு வயது. அவன் வேலை, கிண்ணங்களை நக்குவது.

குகனுக்குக் கை அவ்வளவு சுத்தம். ஐசிங் பையைப் பிடித்து அவன் கோடு இழுத்தால் நூல் பிடித்தாற்போல் வரும். தாமரைகள் அத்தனையையும் காலையிலேயே முடித்துவிட்டான். ஒவ்வோர் இதழும் தனித்தனியாகத் தெரிந்தது.

"இவன் சேட்டைக்கு இந்தக் கை எப்படித்தான் வந்துச்சோ!" என்றாள் யாழினி. முந்தின நாள்தான் அவள் செருப்பு இரண்டையும் ஃபிரிட்ஜுக்குள் வைத்திருந்தான் குகன்.

மதியம் யாழினி சாப்பிட வீட்டுக்குப் போனாள். மலர்விழி அடுக்களையில் அம்மாவோடு கடைசித் தட்டு விளக்குகளை ஓவனிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். குகன் மாவிலைகளைத் தொடங்கியிருந்தான். இடது பக்கம் பச்சைப் பை, வலது பக்கம் சிவப்புப் பை என்று மலர்விழி எடுத்து வைத்திருந்தாள்.

யாழினி திரும்பி வந்தபோது போட்ட சத்தம் எதிர் வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

"மலரு! இங்க வந்து பாரு! எல்லாம் போச்சு!"

மலர்விழி ஓடி வந்தாள். மேசையில் இருபது மாவிலைகள் வரிசையாக இருந்தன. நரம்பு கூட அழகாக வரைந்திருந்தது. ஆனால் இருபதும் சிவப்பு. நல்ல மிளகாய்ச் சிவப்பு.

"என்னடா செஞ்சி வெச்சிருக்க?"

குகன் மலர்விழியைப் பார்த்தான். யாழினியைப் பார்த்தான். பிஸ்கட்டுகளைப் பார்த்தான். பிறகு பல்லைக் காட்டினான்.

"சும்மா... விளையாட்டுக்குத்தான்!"

"எது விளையாட்டு?" யாழினிக்குக் கண் கலங்கிவிட்டது. "மாவு தீர்ந்துபோச்சு. இன்னும் நாலு மணி நேரந்தான் இருக்கு. உனக்கு எல்லாமே விளையாட்டா?"

அவள் கத்தி முனையால் ஓர் இலையைச் சுரண்டிப் பார்த்தாள். பிஸ்கட் இரண்டாக உடைந்தது. உடைந்த இரண்டையும் யுகேந்திரன் வாயில் போட்டுக்கொண்டான்.

"சரி லா, சரி லா. மிச்சத்தை ஒழுங்காப் போடுறேன்," என்றான் குகன். இந்தத் தடவை வலது பக்கத்துப் பையை எடுத்து, புதிய மாவிலை ஒன்றின் மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்தான்.

அதுவும் சிவப்பு.

யாழினி, "பார்த்தியா! மறுபடியும்!" என்று விருட்டென்று எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மலர்விழிக்கும் கோபம் தலைக்கேறியிருந்தது. ஆனால் ஒன்று அவளை நிறுத்தியது. கோடு இழுத்த கையோடு குகன் அவள் முகத்தைத்தான் பார்த்தான். சேட்டை செய்பவன் பார்க்கிற பார்வை இல்லை அது. கணக்குக்கு விடை எழுதிவிட்டு, சரியா தப்பா என்று டீச்சர் முகத்தைப் பார்ப்போமே, அந்த மாதிரி.

"அக்கா, பை இடம் மாத்தினது நான்தான்," என்றான் யுகேந்திரன் திடீரென்று. "ரெண்டையும் நக்கிட்டுத் திருப்பி வெச்சேன். இப்ப மறுபடியும் நக்கிட்டு மாத்திட்டேன். அம்மாகிட்ட சொல்லாதே."

குகன் பையைக் கீழே வைத்தான். எழுந்து வெளியே நடைபாதைக்குப் போய்விட்டான்.

ஐந்தாவது மாடி நடைபாதையில், கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். மலர்விழி பக்கத்தில் போய் நின்றாள்.

"குகன், முதல்ல இடது பக்கம் இருக்கிறது பச்சைன்னு நெனச்சிதான் எடுத்தியா?"

ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான்.

"பார்த்தா தெரியலையா?"

"தெரியாது." குரல் மிகவும் சின்னதாக வந்தது. "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மஞ்சள் தெரியும். நீலம் தெரியும். இது ரெண்டும் மட்டும்..."

"சித்திக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. ரெண்டாம் ஆண்டுல மரத்துக்குச் சிவப்பு இலை போட்டேன். கிளாஸே சிரிச்சிச்சு. அதுக்கப்புறம் கலர் பென்சில்ல பேரைப் படிச்சிட்டுத்தான் எடுப்பேன்."

"இன்னைக்கு ஏன் விளையாட்டுன்னு சொன்ன?"

"சேட்டை பண்றான்னு திட்டினா பரவால்ல, மலர்க்கா. அது எனக்குப் பழக்கம். இது கூடத் தெரியலன்னு சிரிச்சாத்தான் கஷ்டம்."

மலர்விழி தடுப்பின் மேல் சாய்ந்தாள். கீழே பார்த்தாள். வாகன நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு மாமரம். நேற்றும் அங்கேதான் நின்றது. ஆனால் இன்றுதான் அவள் அதைச் சரியாகப் பார்த்தாள். முதிர்ந்த இலைகளுக்கு மேலே, கிளை நுனிகளில் எல்லாம் புதுத் தளிர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

சிவப்பாக!

"குகன்! மாந்தளிர் சிவப்பாத்தானே இருக்கும்!"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் குகன்.

மலர்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கணம் கழித்து அவனும் சிரித்தான்.

"நான் சொல்றேன், நம்பு. தளிர் சிவப்பு, முத்தின இலை பச்சை. நீ போட்டது தளிர். தாமரைக்குப் பக்கத்துல தளிரை வைப்போம், அதைச் சுத்திப் பச்சை இலை. என் படத்தைவிட இது நல்லா இருக்கும்."

"மிச்சத்தை நீயே போடு அக்கா. நான் தொட மாட்டேன்."

"உன்னை மாதிரி எனக்கு நரம்பு வரைய வராது லா. இரு, ஒரு வழி இருக்கு."

அவள் அடுக்களைக்கு ஓடினாள். "அம்மா, பச்சை ஐசிங்ல பாண்டான் இலை எசன்ஸ் ஊத்தலாமா? சிவப்புல ரோஸ்?"

"ஏன்டி திடீர்னு?"

"வாசனையா இருக்கும்மா."

அம்மா யோசித்தார். "சொட்டுச் சொட்டா ஊத்து. தண்ணியாயிட்டா இன்னும் கொஞ்சம் ஐசிங் சுகர் போட்டுக்க."

இரண்டு பைகளையும் கிண்ணங்களில் பிழிந்து, எசன்ஸ் கலந்து, திரும்ப நிரப்பினாள். குகனிடம் நீட்டினாள். அவன் ஒன்றை மூக்கருகே கொண்டுபோனான்.

"இது ரோஸ்."

அடுத்ததை முகர்ந்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

"பாண்டான். அப்போ இது பச்சை!"

"ம்ம். போடு."

முதல் இலையில் நடு நரம்பு. பிறகு இரண்டு பக்கமும் மெல்லிய கிளை நரம்புகள். பச்சைப் பசேலென்று ஒரு மாவிலை. குகன் அவளைப் பார்த்தான். அவள் கட்டை விரலை உயர்த்தினாள். அதற்கப்புறம் அவன் அவளைப் பார்க்கவே இல்லை. தன் பாட்டுக்கு வேலையில் இறங்கிவிட்டான்.

மலர்விழி போய் யாழினி வீட்டுக் கதவைத் தட்டினாள். "வந்து பாரு. சரி பண்ணியாச்சு. எப்படின்னு மட்டும் கேட்காதே, ப்ளீஸ்."

யாழினி உம்மென்ற முகத்தோடு வந்தாள். தளிரும் இலையுமாக இருந்த வரிசையைப் பார்த்ததும் உம்மென்றிருந்த முகம் தளர்ந்தது. மஞ்சள் பையை எடுத்து விளக்குகளுக்குச் சுடர் வைக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "டேய், ஏன் பூனை மாதிரி எல்லாத்தையும் மோந்து பார்க்கிற?"

"பெரிய கலைஞர்களெல்லாம் அப்படித்தான்," என்றான் குகன்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மண்டபத்து மேசையில் கடைசி விளக்கை வைத்தார்கள். ஒரு மாவிலை குறைந்த இடத்தில் யாழினி மல்லிகைப் பூ ஒன்றை வைத்து மறைத்தாள். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லாரும் முதலில் கைபேசியை எடுத்துப் படம் பிடித்தார்கள். யாருக்கும் கோலத்தைக் கலைக்க மனம் வரவில்லை.

கமலநாதன் அங்கிள் குனிந்து பார்த்தார். "மாந்தளிர் மாதிரியே சிவப்பா வெச்சிருக்கீங்களே! யாரு ஐடியா இது?"

மலர்விழி வாயைத் திறந்தாள். அதற்குள் குகன் முந்திக்கொண்டான்.

"தளிர்னு சொன்னது மலர்க்கா, அங்கிள். ஆனா சிவப்புப் போட்டது நான். தப்பாத்தான் போட்டேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரியும்."

அம்மா சிவகாமியின் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. பிறகு அவர் அருகில் வந்து, அவன் தலைமுடியைக் கோதிவிட்டார். "உங்கம்மா இப்ப வந்துடுவா. அவகிட்டயும் சொல்லு. டாக்டர்கிட்ட கண்ணை ஒரு தடவை காட்டிப் பார்ப்போம். சரியா?"

"சரி, பெரியம்மா."

யாழினி அவனை முறைத்தாள். "முன்னாடியே சொல்லியிருந்தா நான் கத்தியிருப்பேனா?"

"செருப்புக்காகக் கத்தியிருப்பீங்க," என்றான் குகன்.

யாழினி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. கோலத்தின் நடுவிலிருந்து ஒரு தாமரையை எடுத்து அவன் கையில் வைத்தாள். "இந்தா. நீயே முதல்ல சாப்பிடு."

கோலம் ஒரு முறை கலைந்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. நாலாபுறமும் கைகள் நீண்டன. தளிர், இலை, விளக்கு எல்லாம் வேகமாகக் காணாமல் போயின.

யுகேந்திரன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு குகன் முன்னால் வந்து நின்றான். வாயெல்லாம் ஐசிங். புது ஜிப்பாவெல்லாம் ஐசிங்.

"குகண்ணே, என் ஜிப்பா என்ன கலர்? சொல்லுங்க பார்ப்போம்!"

மலர்விழி தம்பியை இழுக்கக் கை நீட்டினாள். ஆனால் குகன் மண்டியிட்டு, ஜிப்பாவின் நுனியைப் பிடித்து, கண்ணை மூடி நன்றாக முகர்ந்தான்.

"ரோஸ்... பாண்டான்... கொஞ்சம் கோழிக்கறி."

யுகேந்திரனும் ஜிப்பாவைத் தூக்கி மோந்து பார்த்தான்.

"ஆமா," என்றான் ஆச்சரியத்தோடு.