கம்பித் தசை

ஜெறோம் செத்துக் கிடந்தான்.

கழுத்தைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. ஒரு சாண் தள்ளி, விரல்களை விரித்தபடி... அந்த இயந்திரக் கை!

2006 ஜனவரி. பிரெஞ்சு பேசும் வில்லரேப் பகுதியில் ஒரு கராஜ்.

கையை வடிவமைத்தவள் ஜொய்சி. நிக்கலும் டைட்டேனியமும் கலந்த கம்பிகள்தான் அதன் தசை. மின்சாரம் பாய்ந்து சூடானால் சுருங்கும், ஆறினால் நீளும். ஜொய்சி, ஜெறோம், கிறகரி மூவரும் கூட்டாளிகள். ஒரு கம்பனி கேட்டு வந்தது. விற்போம் என்றான் கிறகரி. மாட்டேன் என்றான் ஜெறோம்.

இப்போது கிறகரி பொலிஸ் அதிகாரியிடம் பிரெஞ்சில் ஒப்புவித்துக்கொண்டிருந்தான். மின்சாரம் ஓடிக்கொண்டிருந்ததாம். விரல்கள் கழுத்தை நெரித்தனவாம். பிளக்கைத் தொடப் பயந்து, இரும்பு அலவாங்கால் நெம்பி ஜெறோமை இழுத்துப் போட்டானாம்.

பிறகு ஜொய்சியிடம் தமிழில்...

“உன்ர அரைகுறை வேலைதான் அவன்ர உயிரை எடுத்தது. இனி ஜெயிலுக்குள்ள இருந்து பொம்மை செய்.”

“வாயை மூடுங்கோ அண்ணை.”

“அண்ணை எண்டு கூப்பிடாதை. கொலைகாரி.”

வண்டியில் ஏறத் தயாராகும்படி அதிகாரி ஜொய்சியிடம் சொன்னார். போகும் முன், இந்தக் கை இன்னும் ஆபத்தானதா என்று கேட்டார்.

கிறகரி முந்திக்கொண்டான். மின்சாரம் இல்லாவிட்டால் இது வெறும் கையுறை என்றான். சற்று முன் தொடப் பயந்த அதே பிளக்கைப் பிடுங்கினான். தன் இடது மணிக்கட்டை விரல்களுக்கு நடுவே வைத்துச் சிரித்தான்.

ஜொய்சி தடுத்திருக்கலாம்.

தடுக்கவில்லை.

கம்பிகள் மெல்ல ஆறின... விரல்கள் மடங்கின... இறுகின!

“ஐயோ... என்னடி இது? கழட்டு!”

“பிளக்கைச் செருகினால்தான் திறக்கும். நீங்கள் டோர்வல் எயார்போட்டில பெட்டி தூக்கப் போன கிழமை நானும் ஜெறோமும் மாத்தினனாங்கள். நெடுகப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் கம்பி சூடேறி அறுந்துபோகுது. இப்ப பிடிக்கிறது ஸ்பிரிங். கம்பிக்கு விரிக்கிற வேலை மட்டும்தான். உங்களுக்குச் சொல்ல மறந்திட்டம்.”

அதையே அதிகாரிக்குப் பிரெஞ்சில் விளக்கினாள். மின்சாரம் ஓடும்வரை இந்த விரல்கள் விரிந்தே இருக்கும். ஒரு கோழிக்குஞ்சைக்கூட நெரிக்காது.

அப்படியானால் ஜெறோமை நெரித்தது...?

கிறகரியின் முகத்தில் இரத்தம் இல்லை.

“விப்பம் எண்டு கெஞ்சினன்... அவன் கேக்கேல்லை...”

ஜொய்சி அதையும் பிரெஞ்சில் சொன்னாள். அதிகாரி விலங்கை உருவினார்.

“ஒரு வளையம் போதும், மெஸ்யூ,” என்றாள் ஜொய்சி. “மற்றக் கையை என் தயாரிப்பு ஏற்கெனவே கைது செய்துவிட்டது.”