விஞ்சுக்கு இட்ட மாலை

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றேழாம் ஆண்டு; ஆயுதபூசைக்கு மறுநாள். ஆண்டர்சன்பேட்டைக்கு அப்பால், புதிதாகத் தோண்டப்படும் தங்கச் சுரங்கக் குழியருகே பத்து வயதுப் பாக்கியவதி வந்து நின்றாள். இடக்கையில் கூழ்ச்சட்டி; வலக்கையில் நீண்ட காம்புடைய அகப்பை.

குழிவாயிலில், பர்னபாஸும் வேலுவும் விஞ்சு என்னும் பளுதூக்கும் உருளையின் கைப்பிடிகளைச் சுற்றிக்கொண்டிருந்தனர். அதன் கயிற்றில் தொங்கிய இரும்புத் தொட்டியில், அவள் தந்தை தசரதன் ஆழத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்.

"இன்னா பாக்கியம், எங்க விஞ்சை மாப்பிள்ளை ஆக்கிட்டியே! ஊர்கோலம் எப்போ?" என்று கேலி செய்தார் பர்னபாஸ்.

நேற்று விஞ்சுக்குப் பொட்டிட்டுச் சாமந்தி மாலை கட்டியவள் அவளே. ஆயினும் இப்போது அவள் சிரிக்கவில்லை. நாள்தோறும் கேட்கும் 'டக், டக்' ஓசை எங்கே?

விஞ்சின் பற்சக்கரத்தின்மேல் ஓர் இரும்பு நாக்கு உண்டு. சக்கரம் சுழலச் சுழல அது பல்லுக்குப் பல் விழுந்து, சக்கரம் பின்னோக்கிச் சுழலாதவாறு தடுக்கும். அந்த நாக்கின் அடியில் மாலை சுருண்டு சிக்கியிருந்தது!

"ணா, கை வழுக்குது. கொஞ்சம் உட்டுட்டு வேர்வையைத் துடைச்சுக்கலாம்," என்றான் வேலு.

"உடாதே வேலுண்ணா! நாக்கு விழல! நைனா தொங்குறாரு!"

பர்னபாஸ் தம் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். "வேலு, புடிடா! உட்டுடாதே!"

பாக்கியவதியின் கை மாலையை நோக்கி நீண்டது; உடனே பின்வாங்கியது. அந்தப் பற்களுக்கு விரலும் ஒன்றே, பூவும் ஒன்றே.

"சுத்தாதீங்க. அசையாம புடிச்சிக்குங்க."

கைப்பிடி சுழன்றாலும் தன்மீது படாதபடி பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, அகப்பைக் காம்பால் மாலையை நெம்பினாள். காம்பு வழுக்கியது.

"சீக்கிரம், தாயே!" வேலுவின் தோள்கள் நடுங்கின.

மீண்டும் நெம்பினாள். நார் அறுந்தது, பூக்கள் குழிக்குள் உதிர்ந்தன. இரும்பு நாக்கு விழுந்தது. 'டக்!'

பர்னபாஸ் பிடியைச் சற்றே தளர்த்தினார். சக்கரம் விரலளவு பின்னே சாய்ந்து, அகப்பைக் காம்பின் நுனியை நறுக்கெனக் கடித்துவிட்டு நின்றது. பாக்கியவதி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

டக், டக், டக். தசரதனின் தலை வெளிப்பட்டது. அதில் நான்கைந்து சாமந்திகள்.

"இன்னாடா இது, எனக்குமா பூசை?" என்றவர், மூவரின் முகங்களையும் கண்டு நிறுத்தினார். வேலு தன் சிவந்த உள்ளங்கைகளைத் தேய்த்தபடி நடந்ததைச் சொன்னான்.

"மாலையை அங்கே கட்டுனது யாரு?"

"நான்தான், நைனா."

"உன் உசுரைக் காப்பாத்தினதும் அவதான். ஜெபம் பண்ணக்கூட எனக்கு நேரமில்லே!" என்றார் பர்னபாஸ்.

தசரதன் மகளின் தலையைத் தடவினார். அவள் எஞ்சிய மாலையைப் பொறுக்கி எடுத்தாள். எட்ட இருந்த கம்பத்தில் இறுக்கிக் கட்டினாள்.

"சரி, கூழை ஊத்து. அகப்பைக் காம்பு இன்னா குட்டையாப் போச்சு?"

"விஞ்சுக்கும் பசி, நைனா. முதல் வாய் அதுக்குப் போயிடுச்சு."