திரையில் தெரியாத கை

காலைச் சமையலின் சூடு அடங்குவதற்குள் மாமியாரின் பெட்டி கூடத்துக்கு வந்துவிட்டது. இன்றைய மருத்துவ ஆலோசனை முடிந்ததும் இளைய மகன் வந்து அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்வதாக ஏற்பாடு.

சர்க்கரை நோயால் அவருடைய பாதத்தில் உண்டான புண்ணை, வாரந்தோறும் ஒரு மருத்துவர் கைபேசித் திரையின் வழியாகப் பார்த்துவந்தார். மூத்த மருமகள் கட்டைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் கைபேசியைப் பிடித்துக் காட்டுவாள். சில வாரங்களாகப் படம் ஓயாமல் ஆடியது. போன வாரம், ஒன்றும் தெரியவில்லை என்று மருத்துவர் அழைப்பை முடித்துக்கொண்டார். அன்றே பெட்டி பரணிலிருந்து இறங்கிற்று.

"நெட்வொர்க் சரியில்ல அத்தை..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மனசு இல்ல, அதான் கை நிக்கல. என் புண்ணு உனக்கு அருவருப்பா இருக்கு. வாயைத் திறந்து சொல்லியிருந்தா நானே ஒதுங்கியிருப்பேனே..."

மருமகள் பாதத்துக் கட்டைப் பிரிக்கத் தொடங்கினாள். இளையவன் வீட்டில் பகல் முழுவதும் எவரும் இரார். கட்டு மாற்ற ஆளில்லை. தன் உடம்பைப் பற்றி ஒரு சொல் சொன்னாலும், அதையே காரணமாக்கி அத்தையை அங்கே அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சித்தான் அவள் மறைத்துவந்தாள். மறைத்ததே இப்போது காரணமாயிற்று.

அழைப்பு வந்தது. திரையில் மருத்துவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"படம் ரொம்ப ஆடுதும்மா. கையில பிடிக்காதீங்க, எதுலயாவது சாய்ச்சு வைங்க."

அவள் முக்காலியின்மேல் சர்க்கரை டப்பாவை வைத்து, அதில் கைபேசியைச் சாய்த்தாள்.

"கண்ணாலயாவது சர்க்கரையைப் பார்க்க விட்டாளே, புண்ணியம்" என்றார் மாமியார்.

மருத்துவர் சிரித்தார். பிறகு பாதத்தைக் கூர்ந்து நோக்கினார். "நல்லா ஆறிட்டு வருதே. சுத்தமாவும் இருக்கு. கட்டு யாரு போடறாங்க?"

"இவதான்..." மாமியாரின் குரல் தாழ்ந்தது.

"இப்ப படம் துளிகூட ஆடலை. அப்ப நெட்வொர்க் மேல தப்பில்லை. போன வாரமே கேட்டிருக்கணும் நான். நீங்க முன்னால வாங்கம்மா. ரெண்டு கையையும் நீட்டுங்க. விரல் மேல ஒரு தாளை வைக்கச் சொல்லுங்க."

மாமியாரே நாளிதழிலிருந்து ஒரு தாளை உருவி, நீட்டிய விரல்களின்மேல் வைத்தார். காற்றில்லாத அந்த அறையில் தாள் படபடவென்று துடித்தது.

"படபடப்பு இருக்கா? இளைச்சிருக்கீங்களா?"

மருமகள் தயங்கினாள். மாமியார் முந்திக்கொண்டார். "மோதிரம் கழண்டு விழுதுன்னு நூல் சுத்திப் போட்டிருக்கா டாக்டர். நான் பார்த்தேன்... பார்த்துட்டு, அழகுக்காகப் பட்டினி கிடக்கிறான்னு பேசினேன்."

"தைராய்டு அதிகமா வேலை செய்யுதோன்னு தோணுது. இரத்தப் பரிசோதனை பண்ணாத்தான் உறுதியாத் தெரியும். அப்படியே இருந்தாலும் மருந்து இருக்கு, பயப்படாதீங்க. ஆனா இன்னிக்கே போங்க."

மாமியார் திரையை விட்டு மருமகளைப் பார்த்தார். "ஏண்டி சொல்லல?"

"சொன்னா உங்களை அனுப்பிடுவாங்க அத்தை... அங்க பகல்ல யாரு கட்டுப் போடுவா?"

வாசலில் வண்டி வந்து நின்றது. உள்ளே வந்த இளைய மகன் வழக்கம்போல் அவசரமாகப் பெட்டியைத் தூக்கினான்.

"அதைப் பரண்ல வை" என்றார் தாயார். "வண்டி மட்டும் நிக்கட்டும். உங்க அண்ணிக்கு இரத்தப் பரிசோதனை பண்ணணும். நானும் வரேன்."

"கிளம்பறதுக்கு முன்னால கழுத்தைக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க" என்றார் மருத்துவர்.

மருமகள் கைபேசியை எடுக்கக் குனிந்தாள். அதற்குள் மாமியார் அதை எடுத்துக்கொண்டு, மற்றொரு கையால் அவளை நாற்காலியில் அமர்த்தினார்.

"நீ உட்காரு. இவ்வளவு நாளும் நீதானே பிடிச்சே..."

திரை முழுவதும் இப்போது மருமகளின் முகம்.

"அம்மா, படம் மறுபடியும் ஆடுதே" என்றார் மருத்துவர்.

"ஆடத்தான் செய்யும் டாக்டர்... இது என் கை."